பற்றரியை மாற்று என்னும் வேதவாக்கு

சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஓர் ஒலி மட்டும் எழுகிறது; எஞ்சின் அசைய மறுக்கிறது. இலங்கையின் எந்த ஊரில், எந்த வேளையில் இது நேர்ந்தாலும் சுற்றி நிற்பவர்கள் ஒரே குரலில் ஒரே தீர்ப்பை வழங்குவார்கள்: பற்றரி போய்விட்டது, மாற்று. எஞ்சின் மூடியைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடும். கொலை வழக்கில்கூடக் குற்றப்பத்திரிகை வாசித்து, சாட்சிகளை விசாரித்த பின்னரே தீர்ப்பு எழுதுகிறார்கள். பற்றரிக்கு அந்த உரிமை கிடையாது. அது பிறவிக் குற்றவாளி.

பணமுள்ளவன் இந்தத் தீர்ப்பை ஏற்றுக் காசை இழந்தால் எனக்குக் கவலையில்லை. கொழும்பிலும் கனடாவிலும் இருப்பவர்கள் பற்றரியை மாற்றட்டும், மாற்றிவிட்டுத் தூங்கட்டும். நான் பேசுவது கொடகவெலவைப் பற்றி. பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய நோக்கிச் செல்லும் ஏ 18 வீதியில், இறக்குவானைக்கு அண்மையில் உள்ள சிறு நகரம். அதைச் சுற்றி மேட்டிலும் பள்ளத்திலும் தேயிலையும் இறப்பரும் கறுவாவும். தோட்டங்களில் லயங்கள். லயங்களில், மலையகம் என்றாலே நுவரெலியாவை மட்டும் நினைக்கும் நம் பத்திரிகைகளின் கண்ணில் அபூர்வமாகவே படும் சப்ரகமுவத் தமிழர்கள். அந்த மேட்டு டிவிஷன்களுக்கும் பிரதான வீதிக்கும் இடையே ஓடுவது பெரும்பாலும் ஒரு பழைய கெப் வண்டி. வெளிநாட்டு வாசகர்களுக்காக ஒரு சொல் விளக்கம்: நீங்கள் பிக்கப் என்று சொல்வதைத்தான் இலங்கையில் கெப் என்கிறோம்.

அந்தக் கெப் என்னென்ன வேலை செய்கிறது? காலையிலும் பின்னேரத்திலும் சிற்றுடைமையாளர்களின் கொழுந்தை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்கு ஓடுகிறது. பறித்த கொழுந்து உயிருள்ள பொருள், மூச்சுவிடும், சூடேறும். சாக்கில் அடைத்து வைத்த கொழுந்து சில மணித்தியாலம் தாமதித்தாலே உள்ளே வெந்து சிவந்துவிடும். சிவந்த கொழுந்துக்குத் தொழிற்சாலையில் மதிப்பில்லை. இடைப்பட்ட நேரத்தில் அதே கெப் அரிசி மூட்டை ஏற்றும், கல்யாணத்துக்கு ஆள் ஏற்றும், சாவு வீட்டுக்குப் பந்தல் தடி ஏற்றும். நள்ளிரவில் பிரசவ வலி எடுத்த பெண்ணையும் அதே கெப்தான் ஏற்றும். 1990 என்ற இலக்கத்தில் இயங்கும் 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவை 2016 இல் இந்திய நன்கொடையுடன் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதும் விரிந்தது. நல்ல சேவை, மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் கல்லும் சேறுமான தோட்டப் பாதையில் மேற்கணக்கு லயம் வரை ஏறுவது எந்த அம்புலன்ஸுக்கும் எளிதன்று. லயத்து வாசலிலிருந்து பிரதான வீதி வரையுள்ள தூரத்தைக் கெப்பே கடக்க வேண்டும். அப்புறம் கஹவத்தையோ, எம்பிலிப்பிட்டியவோ, இரத்தினபுரியோ.

அந்த வேளையில் 'டிக்' என்ற ஒலி மட்டும் கேட்டால், அதன் பெயர் இயந்திரக் கோளாறு அன்று.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அதுவும் சாதாரண மனிதன் எட்டிப் பார்க்க முடியாத வரிகளோடு. இடையில் 2022 இல் ரூபா சரிந்து விழுந்தது. ஆகவே மலையோரங்களில் ஓடுபவை எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஜப்பானில் பிறந்த வண்டிகள். அவற்றின் உதிரிப் பாகம் ஒவ்வொன்றும் டொலரில் பிறந்து ரூபாவில் விற்கப்படுவது. டீசல் கெப் ஒன்றுக்குரிய பற்றரி முப்பதாயிரம் ரூபா என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 2024 இல் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபா. கணக்குப் போடுங்கள்: இருபத்திரண்டு பெயர். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பெயர்' என்றுதான் எண்ணுவார்கள். இருபத்திரண்டு பெயர் என்பது ஒரு மாதம் முழுக்க அட்டைக் கடியில் நின்று ஈட்டுவது. 'எதற்கும் ஒரு பற்றரியை மாற்றிப் பார்ப்போமே' என்று வாய் கூசாமல் சொல்பவர், அந்த 'எதற்கும்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒரு மாதக் கூலியை விழுங்குகிறார்.

பற்றரி கெடுவதே இல்லை என்று நான் வாதிடவில்லை. பல வேளைகளில் குற்றவாளி அதுவேதான். குற்றவாளியாக இருக்கக்கூடும் என்பதற்காக விசாரணை இன்றித் தூக்கிலிடுவதைத்தான் எதிர்க்கிறேன். இங்கே விசாரணை கடினமானதும் அன்று. வண்டியே வாக்குமூலம் தருகிறது. அந்த 'டிக்' ஒலிதான் வாக்குமூலம். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

அந்த ஒலி எங்கிருந்து வருகிறது? ஒரு காலத்தில் வாகனத்தின் முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்றித்தான் எஞ்சினை உயிர்ப்பித்தார்கள். கைப்பிடி திருப்பி உதைத்து மணிக்கட்டை முறித்த கதைகள் ஏராளம். அமெரிக்கரான சார்ள்ஸ் கெட்டரிங் 1912 ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்து அந்தக் கொடுமைக்கு முடிவு கட்டினார். அதற்கு முன்பு அவர் வேலை செய்தது கல்லாப்பெட்டி செய்யும் கம்பனி ஒன்றில். அங்கே கல்லாப்பெட்டியைத் திறக்க ஒரு சிறிய மோட்டாரைப் பொருத்தியபோது ஓர் உண்மையைப் பிடித்துக்கொண்டார்: சில விநாடிகள் மட்டுமே ஓட வேண்டிய மோட்டார், தன் தகுதிக்கு மீறிய சுமையைத் தாங்கும். இன்றும் ஸ்டார்ட்டர் என்பது அதுதான். சில விநாடிகளுக்கு மட்டும் அசுர பலம். அந்தப் பலத்துக்கு விலை மின்னோட்டம். ஒரு டீசல் எஞ்சினைச் சுழற்ற இருநூறு, முந்நூறு அம்பியர், சில வேளைகளில் அதற்கு மேலும் வேண்டும்.

இத்தனை ஓட்டத்தைச் சாவித் துவாரத்தின் வழியாக அனுப்பினால் சாவி உருகிவிடும். ஆகவே சாவி ஒரு சிறிய கட்டளையை மட்டுமே அனுப்புகிறது. அதைப் பெற்றுப் பெரிய கதவைத் திறப்பது, ஸ்டார்ட்டரின் முதுகில் குட்டி உருளையாக அமர்ந்திருக்கும் சொலினொயிட். அதற்குள் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்று இழுப்பது, மற்றது பிடித்து வைப்பது. இரண்டும் சேர்ந்து ஓர் இரும்புத் தண்டை உள்ளிழுக்கும். தண்டு உள்ளே போகும்போது ஒருபுறம் சிறிய பற்சக்கரத்தைத் தள்ளி எஞ்சினின் பெரிய சக்கரத்தோடு கோக்கிறது. மறுபுறம் ஒரு செப்புத் தகட்டை இரு செப்பு முனைகள்மீது அழுத்திப் பற்றரியையும் மோட்டாரையும் இணைக்கிறது. தண்டு போய் முட்டும் ஒலிதான் 'டிக்'. முட்டிய கணத்தில் இழுக்கும் சுருள் ஓய்ந்துவிடும். பிடிக்கும் சுருள் மட்டும் காவல் நிற்கும்.

இவ்வளவு தெரிந்தால் போதும். இனி ஒலியின் இலக்கணத்தைப் படிக்கலாம்.

'டிக்டிக்டிக்டிக்' என்று தையல் இயந்திரம்போல் அடுக்கடுக்காக ஒலித்தால் நடப்பது இது: தண்டு உள்ளே போகிறது, கதவு திறக்கிறது, மோட்டார் ஓட்டத்தை உறிஞ்ச முனைகிறது, அந்தச் சுமையில் அழுத்தம் குப்புற விழுகிறது, காவல் சுருளுக்கு வலுவில்லாமல் தண்டு பின்வாங்குகிறது. சுமை நீங்கியதும் அழுத்தம் மீள்கிறது, மறுபடியும் தண்டு உள்ளே போகிறது. பசித்தவன் மூட்டையைத் தூக்குவதும் போடுவதுமாக நிற்பதைப் போல. இங்கே பற்றரியில் சக்தி குறைவு என்று ஐயப்படலாம். பற்றரி முனையில் அழுக்கு ஏறியிருந்தாலும் இதே ஒலிதான் வரும் என்பதை மறந்துவிடக் கூடாது.

'டக்' என்று ஒரே ஒரு தடவை, கனமாக ஒலித்து, பிறகு மௌனம் என்றால் தண்டு உள்ளே போய்விட்டது, அங்கேயே நிற்கிறது; ஆனால் மோட்டார் சுழலவில்லை. செப்பு முனைகள் தேய்ந்து கருகியிருக்கலாம். பழைய ஜப்பானிய வண்டிகளில் மிகச் சாதாரணமான நோய் இது. மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். தடித்த கம்பி ஒன்று துருப்பிடித்திருக்கலாம். மோட்டாரோ எஞ்சினோ இறுகிப்போயிருக்கவும் கூடும்.

எஞ்சின் பக்கம் ஒலியே இல்லை, உள்ளே டாஷ்போர்ட்டுக்குக் கீழேயோ பியூஸ் பெட்டியிலோ மெல்லிய 'டிக்' மட்டும் என்றால், அது ரிலேயின் ஒலி. கட்டளை வழியில் தொலைந்துவிட்டது, ஸ்டார்ட்டரை அடையவில்லை. அல்லது அடைந்தும் சொலினொயிட்டின் சுருள் எரிந்து கிடக்கிறது. ஒருவர் சாவியைத் திருப்ப மற்றவர் முன்னால் நின்று காது கொடுத்தால் இந்த வேறுபாடு தெரிந்துவிடும். காதுக்குக் காசில்லை.

அடுத்தது கண். முன்விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். இரவானால் எதிர்ச் சுவரைப் பார்த்தாலே போதும். விளக்கு மங்கிச் செத்தால், பற்றரியால் சுமை தாங்க முடியவில்லை, அல்லது பற்றரியின் முனையிலேயே தொடுப்பு கெட்டிருக்கிறது, அல்லது இறுகிய மோட்டார் ஒன்று இருப்பதையெல்லாம் விழுங்குகிறது. விளக்கு கொஞ்சமும் மங்காமல் பிரகாசிக்க, 'டக்' மட்டும் கேட்டால்? பற்றரியில் சக்தி இருக்கிறது, மோட்டாரைப் போய்ச் சேரவில்லை. சாவியைத் திருப்பும்போது மங்காத விளக்கைக் கண்ணால் கண்ட பிறகும் பற்றரியை மாற்று என்று ஒருவர் சொன்னால், அவர் மெக்கானிக் அல்லர், வியாபாரி.

மூன்றாவது, பல்மானி. மல்ரிமீட்டர் என்று கடையில் கேளுங்கள். மலிவானது ஒன்றிரண்டு நாள் கூலிக்குள் கிடைக்கும். ஓய்விலிருக்கும் நல்ல பன்னிரண்டு வோல்ற்றுப் பற்றரி 12.6 காட்டும். 12.2 என்றால் பாதி வயிறு. 12 க்குக் கீழே என்றால் பட்டினி. இவ்வளவோடு நிறுத்திவிடுவோர்தான் அதிகம், ஓய்வில் 12.5 காட்டிவிட்டுச் சுமையில் சரியும் நோயாளிப் பற்றரிகள் இருக்கின்றன. ஆகவே சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போதே அளக்க வேண்டும். அந்த வேளையில் 9.6 க்குக் கீழே இறங்கினால் பற்றரியைக் கூண்டில் ஏற்றலாம். அப்போதும் தூக்கிலிட வேண்டாம். அது கெட்டதா, பசித்ததா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. இரவெல்லாம் சார்ஜ் போட்டு மறுநாள் சோதிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பற்றரி முனையில் சுமார் 13.8 முதல் 14.5 வரை வராவிட்டால் குற்றம் ஓல்டர்னேட்டரிலோ தளர்ந்த பெல்ட்டிலோ உள்ளது. புதுப் பற்றரி போட்டாலும் அடுத்த வாரம் அதுவும் பட்டினி கிடக்கும். தோட்டத்துக் குறுகிய ஓட்டங்களில், முதல் கியரில் ஊர்ந்து, இருபது தடவை நிறுத்தி நிறுத்திக் கொழுந்து ஏற்றும் வண்டிக்குப் பற்றரி நிறைய வழியே இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நம் நாட்டில் இதை அளக்கும் கராஜ்கள் எத்தனை என்று எண்ணினால் விரல்கள் மிஞ்சும் என்று அஞ்சுகிறேன். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த ஒவ்வொரு பிள்ளையும் ஓமின் விதியை மனனம் செய்திருக்கிறது: அழுத்த வித்தியாசம் என்பது ஓட்டத்தையும் தடையையும் பெருக்கி வருவது. ஓட்டம் 200 அம்பியர். கம்பித் தொடுப்பு ஒன்றில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை என்று வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத துரு. சாதாரண மீட்டரால் அளக்கவே முடியாத அற்பத் தடை. பெருக்கினால் இரண்டு வோல்ற்று. பன்னிரண்டில் இரண்டு அந்த ஒரு துருவிலேயே வெந்து ஆவியாகிவிடுகிறது. இப்படி இரண்டு மூன்று துரு சேர்ந்தால் மோட்டாருக்குப் போய்ச் சேர்வது என்ன? இடைத்தரகர்கள் எடுத்த பின் சிற்றுடைமையாளன் கையில் மிஞ்சும் கொழுந்துப் பணம் போல்தான்.

அளக்கும் முறை எளிது. மீட்டரின் ஒரு முள்ளைப் பற்றரியின் ஈயக் கொம்பிலும், மற்றதை அதைக் கவ்வியிருக்கும் வளையத்திலும் வையுங்கள். சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். பூச்சியத்துக்கு அண்மையில் இருக்க வேண்டும். ஒரு வோல்ற்று, இரண்டு வோல்ற்று காட்டினால் குற்றவாளி கையோடு பிடிபட்டான். பிறகு எதிர்க் கொம்பிலிருந்து எஞ்சின் உடலுக்கு: 0.2 ஐ அதிகம் தாண்டக் கூடாது. நேர்க் கொம்பிலிருந்து ஸ்டார்ட்டரின் பெரிய முனைக்கு: 0.5 க்குள். இறுதியில் சொலினொயிட்டின் இரு பெரிய முனைகளுக்கிடையே: 'டக்' ஒலித்த பிறகும் பன்னிரண்டு வோல்ற்றும் அங்கேயே நின்றால் உள்ளே செப்புத் தகடு தொடவில்லை என்று பொருள். நான்கு அளவுகள். ஐந்து நிமிடம். சப்ரகமுவவின் மழைக்குக் கம்பித் தொடுப்புகள் பூத்துப் போவதில் வியப்பில்லை. பற்றரி முனையில் வெள்ளையாகவும் நீலப்பச்சையாகவும் பூக்கும் அந்த மாவுக்கு மருந்து, சமையலறை அப்பச்சோடாவும் வெந்நீரும் ஒரு கம்பித் தூரிகையும். முதலில் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். கடைசியாக அதையே பூட்ட வேண்டும்.

சில காலத்துக்கு முன்பு கொடகவெலப் பக்கம் ஒரு வேலையாகச் சென்றிருந்தபோது, ஏற்றம் ஒன்றில் பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து நிறுத்தியிருந்த கெப் ஒன்றைக் கண்டேன். சாரதி லயத்து இளைஞர். ஏன் தம்பி மேட்டில் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "தள்ளாம ஸ்டார்ட் ஆவாதுங்க ஐயா. பெட்டரி புதுசு போட்டாச்சு. சரிவரலைன்னு ஸ்டார்ட்டரும் மாத்தியாச்சு. இன்னமும் அதே டிக்குதான். இப்ப எஞ்சினையே எறக்கணும்ங்கிறாரு பாஸ்" என்றார். கடன் யாரிடம் என்று கேட்டேன், சிரித்தார், சொல்லவில்லை. அவருடைய வண்டியில் பற்றரியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் எர்த் பட்டை, எண்ணெயும் சேறும் படிந்து, போல்ட்டுக்குக் கீழே பச்சை பிடித்து, நான்கைந்து இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்தது நானல்லன். அவ்வழியே வந்த, பஸ் டிப்போ ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்ற சிங்களப் பெரியவர் ஒருவர். அவர் கையில் மீட்டரும் இல்லை. ஜம்பர் கம்பியின் ஒரு முனையைப் பற்றரியின் எதிர்க் கொம்பிலும் மறுமுனையை எஞ்சின் உடலிலும் கவ்வச் செய்து, "தென் கஹன்ன புதா" என்றார். இப்போது அடி மகனே. எஞ்சின் ஓடியது. இளைஞர் மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் புதுப் பற்றரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மெக்கானிக்குகள் தரப்பிலும் நியாயம் உண்டு, அதையும் கேட்டிருக்கிறேன். "சேர், அரை மணி நேரம் சோதிச்சுப் பார்த்துட்டு, ஒரு போல்ட்டை இறுக்கிட்டு ஐந்நூறு ரூபா கேட்டா சண்டைக்கு வர்றாங்க. பற்றரி மாத்தினா முப்பதாயிரத்தைச் சிரிச்சுக்கிட்டே தர்றாங்க" என்றார் ஒரு பாஸ். உண்மை. கண்ணால் காணும் பொருளுக்குக் காசு கொடுப்போம்; மூளைக்குக் கொடுக்க மாட்டோம். பத்திரிகைக்காரனாகப் பல ஆண்டுகள் பிழைத்தவனுக்கு இது தெரியாதா? அச்சடித்த தாளுக்கு விலை, அதில் எழுதிய செய்திக்கு இனாம். ஆனால் இந்த வாதம் வாடிக்கையாளனின் அறியாமையை விளக்குகிறதே ஒழிய, அதைப் பயன்படுத்திக்கொள்வதை நியாயப்படுத்தவில்லை. சோதனைக்கு என்று வெளிப்படையாக ஒரு கட்டணம் கேளுங்கள். ஆயிரம் ரூபா கேளுங்கள். எர்த் பட்டை ஒன்றுக்காக ஒரு பற்றரியும் ஒரு ஸ்டார்ட்டரும் வாங்கியவன், அந்த ஆயிரத்தை உங்கள் காலில் வைத்துக் கும்பிட்டுத் தருவான்.

ஸ்டார்ட்டர் என்றாலும் இதே கதைதான். சொலினொயிட்டின் உள்ளே தேயும் செப்பு முனைகள் பல பழைய வண்டிகளுக்குத் தனியாகவே கிடைக்கும் சிறு துண்டுகள். கார்பன் பிரஷ்ஷும் தனியாகக் கிடைக்கும். அவற்றை மாற்றத் தெரிந்த கைகள் இரத்தினபுரியிலும் எம்பிலிப்பிட்டியவிலும் இல்லாமற் போகவில்லை. முழு ஸ்டார்ட்டரையும் மாற்று என்பது பல்வலிக்குத் தலையை மாற்று என்பதற்கு நிகர்.

மேடைதோறும் வள்ளுவரின் மருந்து அதிகாரத்தை முழங்குகிறோம். நோயையும் அதன் மூலத்தையும் தேடிவிட்டு வைத்தியம் பார்க்கச் சொன்ன இனம் என்று மார் தட்டுகிறோம். வண்டி நின்றால் மட்டும் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். (எலுமிச்சம்பழத்தின் மீது எனக்குப் பகை இல்லை. அது முப்பதாயிரம் ரூபா கேட்பதில்லை.)

என் உண்மையான கோபம் வேறிடத்தில். பாடசாலையில் நம் பிள்ளைகளுக்கு 'அழுத்த வித்தியாசம்' என்ற அழகான தமிழ்ச் சொல் கிடைக்கிறது. பரீட்சைத் தாளில் இரண்டு புள்ளி வாங்கித் தந்துவிட்டு அந்தச் சொல் இறந்துபோகிறது. அதே பிள்ளை கராஜில் எடுபிடியாகச் சேரும்போது அங்கே அது வேறு மொழி: பாஸின் சிங்களம், பெட்டியில் ஒட்டிய ஆங்கிலம், இடையில் சைகை. ஸ்பானர் எடுத்துக் கொடுத்தே ஐந்து வருடம் போய்விடும். எதை மாற்ற வேண்டும் என்று கற்றுக்கொள்வான். ஏன் என்று கேட்க அவனிடம் மொழி இருக்காது. கேள்வி கேட்க மொழியற்ற மெக்கானிக் பாகம் மாற்றும் கூலியாள் ஆகிவிடுகிறான். அவன் குற்றமா அது? தமிழில் கணினிக் கலைச்சொற்களுக்காக இணையத்தில் எத்தனை மல்யுத்தம் நடத்தினோம்! மென்பொருளா, மென்கலமா என்று இரத்தம் சிந்தினோம். ஒரு கெப் வண்டி ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்பதை லயத்துப் பையன் படித்துப் புரிந்துகொள்ளும்படி நாலு பக்கத் தமிழ்க் கையேடு எழுத நம்மில் எத்தனை பேர் முன்வந்தோம்? புலம்பெயர்ந்த நாடுகளில் பொறியியலாளர்களாகக் கொழிக்கும் தமிழர்கள் இதை வாசிக்கிறீர்கள். ஆண்டு விழாவுக்கு நடிகரை வரவழைக்கும் செலவில் பத்தில் ஒரு பங்கு போதும். சப்ரகமுவத் தோட்டங்களுக்கு அந்தக் கையேடும் கராஜுக்கு ஒரு பல்மானியும் போய்ச் சேரும்.

மேட்டில் நிறுத்தும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். மலைச் சாரதிகள் இதில் பெருமைப்படுவதுண்டு. இரண்டாம் கியரில் கிளச்சை விட்டு உருட்டி எடுப்பதை ஒரு வித்தையாகவே சொல்வார்கள். பழைய டீசலில் அது நடக்கும். ஒட்டோ கியருக்கு நடக்காது. எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவும் பூஸ்டருக்கும் வலு இல்லை, பவர் ஸ்டியரிங்குக்கும் வலு இல்லை என்பதை மறந்து, பின்னால் கர்ப்பிணியை வைத்துக்கொண்டு இருட்டில் சரிவில் உருட்டுவது வீரமன்று. ஒரு போல்ட்டை இறுக்காததற்கு மனித உயிரை ஈடு வைப்பது அது.

அதேபோல் ஸ்டார்ட்டரைச் சுத்தியலால் தட்டும் வழக்கம். தேய்ந்த பிரஷ் அதிர்ச்சியில் ஒருகணம் தொடும், வண்டி ஓடும். பிழைத்தோம் என்று எண்ண வேண்டாம். அன்று மாலையே கழற்ற வேண்டிய நோய் அது. ஸ்குரூடிரைவரை வைத்து இரு முனைகளைத் தொடுப்பவர்கள் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை; கியரில் கிடக்கும் வண்டி தொடுத்தவர் மீதே ஏறிவிடும். பற்றரியின் அருகே தீப்பொறி வேண்டாம். அது கக்கும் ஐதரசன் வெடிக்கும். வேறு வண்டியிலிருந்து ஜம்பர் கம்பி கொடுக்கும்போது கடைசிக் கவ்வியைப் பற்றரியில் மாட்டாமல், தள்ளியிருக்கும் எஞ்சின் இரும்பில் மாட்டச் சொல்வது அதற்காகத்தான்.

இரத்தினபுரி மாவட்டத்தாருக்கு மட்டும் ஒன்று. 2003 இலும் 2017 இலும் பார்த்ததைப் போன்ற வெள்ளத்தில் நின்ற வண்டி, நீர் வடிந்த பின் 'டக்' என்று ஒரே ஒலியோடு நின்றால் சாவியைத் திரும்பத் திரும்பத் திருப்பாதீர்கள். தள்ளியும் பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் நீர் இருந்தால் அது அமுங்காது; உள்ளே கொனெக்டிங் ரொட் வளையும். இன்ஜெக்டரையோ குளோ பிளக்கையோ கழற்றி நீரை வெளியேற்றிய பின்பே சுழற்ற வேண்டும். இங்கே பற்றரியை மாற்றி, 'நல்ல பலமாக' அடித்துப் பார்ப்பவர், பிழைத்திருக்கக்கூடிய எஞ்சினைத் தன் கையாலேயே கொல்கிறார்.

கெப் சொந்தக்காரர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த தடவை பற்றரியை மாற்று என்று யாராவது சொன்னால், மறுக்க வேண்டாம், சண்டையும் வேண்டாம். பில்லின் மேல் மூன்று எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள்: ஓய்வில் எத்தனை வோல்ற்று, சாவியைத் திருப்பும்போது பற்றரிக் கொம்பில் எத்தனை, எதிர்க் கொம்புக்கும் எஞ்சினுக்கும் இடையே எத்தனை. எழுதித் தருபவரிடம் தாராளமாக வாங்குங்கள். எழுத மறுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். தள்ளிக்கொண்டேனும் அடுத்த கராஜுக்குப் போங்கள்.